அம்பாசிடர் 1489 பெட்ரோல்: என்ஜின் வேலை முடிந்தும் பெல் ஹவுசிங்கில் ஆயில், ஓட்டத்தில் சூடு. என்ஜினையே மாத்திடலாமா?

கேள்வி (கும்பகோணம்):
வணக்கம் அண்ணன்களே. மார்க் 4, 1489 சிசி. சிலிண்டர் போர் 40 தவ் (இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு தவ்) ஓவர்சைஸ், புது பிஸ்டன் ரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் எல்லாம் பண்ணி என்ஜினை ஏத்தியாச்சு. 300 கிலோமீட்டர்கூட ஓடலை. நிறுத்தி வெச்சா பெல் ஹவுசிங் (என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல கிளட்ச் இருக்கிற கூடு) அடியில ஆயில் சொட்டுது, பாலம் ஏறும்போது கிளட்ச் ஸ்லிப் ஆகுது. தஞ்சாவூர் ரோட்டுல 60-க்கு மேல போனா டெம்பரேச்சர் முள் ஏறுது. ரயில்வே கேட்டுல நின்னா ஏறலை. கிராங்க் பின்சீல் (பின்பக்கம் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம்) மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார், எந்தக் கடையிலும் சீல் கிடைக்கலை. பேசாம பின்னாடி வந்த அம்பாசிடர்ல இருந்த இசுசு 1800 என்ஜினைத் தூக்கிப் போட்டுடலாமான்னு யோசனை.

பதில் (மன்னார்குடி):
தம்பி, அந்த சீல் எந்த ஊர்லயும் கிடைக்காது. இந்த என்ஜினுக்கு பின்சீலே கிடையாது. இது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ், மூணு மெயின் பேரிங். கிராங்க் கடைசியில திருகுமரை மாதிரி ஒரு ஸ்க்ரோல் வெட்டியிருக்கும். கிராங்க் சுத்தச் சுத்த அந்த மரை ஆயிலை உள்ளே இழுத்து சம்ப்புக்கே (அடி ஆயில் தொட்டி) திருப்பி அனுப்பும். ரப்பர் எதுவும் இல்லை. அதனால கிராங்க் கேஸுக்குள்ள காத்து அழுத்தம் கூடினா ஸ்க்ரோல் தோத்துடும், ஆயில் நேரா கிளட்சுக்குப் போயிடும்.

என்ஜினை இறக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. டிப்ஸ்டிக்ல மேல்கோட்டைத் தாண்டி ஆயில் இருக்கா? கியர்பாக்ஸ் ஆயில் குறைஞ்சிருக்கா? குறைஞ்சிருந்தா ஒழுகுறது என்ஜினே இல்லை. ரெண்டும் சரின்னா, சூடான என்ஜினை ஐடில்ல விட்டு ஆயில் ஊத்துற மூடியைத் திறங்க. புஸ்ஸுபுஸ்ஸுன்னு புகை தள்ளினா ஒண்ணு பிரீதர் (கிராங்க் கேஸ் காத்து வெளியேறுற குழாய்) அடைப்பு, இல்லைன்னா ரிங் இன்னும் உட்காரலை. பக்கவாட்டு டேப்பெட் கவர்ல இருக்கிற பிரீதர் குழாயைக் கழட்டி மண்ணெண்ணெயில ஊறவெச்சு, வாயால ஊதிப் பாருங்க. ஓவர்ஹால் பண்றவங்க பாதிப்பேர் இதுக்கு மேல பெயின்ட் அடிச்சு விட்டுடுவாங்க, உள்ளே கரி அப்படியே கிடக்கும்.

புது ரிங்கை ஐடில்ல ரொம்ப நேரம் ஓட விட்டாலும் போர் பளபளன்னு கண்ணாடி ஆயிடும், ரிங் பிடிக்காது. ஒரே வேகத்துல ஓட்டாம ஏத்தி இறக்கி ஓட்டுங்க. 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும், இப்போதைக்கு சிந்தெடிக் வேண்டாம்.

பிரீதர் சுத்தம், புகையும் இல்லை, ஆனா ஒழுகுதுன்னா மட்டும் இறக்கணும். அப்ப மூணு இடம்: பின் மெயின் கேப் பிளாக்கோட சேர்ற முகத்துல மெல்லிசா சீலன்ட் போட்டிருக்காங்களா, சம்ப்போட அரைவட்ட கார்க் சரியா உட்கார்ந்திருக்கா, பேக் பிளேட்டுக்குப் பின்னால இருக்கிற கேலரி பிளக் (ஆயில் வழியை மூடுற அடைப்பு) கசியுதா. ஸ்க்ரோல் பிளாக்குல உரசின தடம் இருந்தா மெயின் பேரிங் லூஸ்னு அர்த்தம், திரும்ப லேத்துக்குத்தான்.

ஆயில் குடிச்ச கிளட்ச் பிளேட்டை பெட்ரோல்ல கழுவிப் போடாதீங்க. ரெண்டு நாள் பிடிக்கும், அப்புறம் பழைய கதைதான். புதுசு போடுங்க. பெல் ஹவுசிங் அடி ஓட்டையில ஒரு ஸ்ப்லிட் பின் தொங்கும், அது வேணும்னேதான் இருக்கு. ஓட்டை அடைக்காம இருக்கத்தான் அது, "ஒழுகுது"ன்னு எம்-சீல் வெச்சு அடைச்சிடாதீங்க.

பதில் (திருச்சி):
கேட்டுல நின்னா ஏறாம ஓட்டத்துல ஏறுதுன்னா ஃபேன் குத்தவாளி இல்லை; தண்ணி ஓட்டம் போதலை, இல்லைன்னா டைமிங் ரிடார்டு (ஸ்பார்க் லேட்டா வருது). பிளாக்குக்குப் பின்பக்கம் டிரெயின் டேப் இருக்கு. திறந்தா தண்ணி வருதா பாருங்க. வரலைன்னா உள்ளே கம்பி விட்டுக் குத்துங்க.

போரிங் பண்ணும்போது பிளாக்கை ஜாக்கெட் (சிலிண்டரைச் சுத்தி தண்ணி ஓடுற வழி) வரைக்கும் சுத்தம் பண்ணிடுவாங்கன்னு நம்பாதீங்க. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடின வண்டின்னா உப்புக் கலந்த போர்வெல் தண்ணிதான் குடிச்சிருக்கும், துருவும் சுண்ணாம்பும் நாலாவது சிலிண்டரைச் சுத்திப் படிஞ்சிருக்கும்.

ஹெட் கேஸ்கட்டை முன்பின்னா, தலைகீழா போட்டிருந்தாலும் தண்ணி ஓட்டை மூடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கிற வேக்கூம் அட்வான்ஸ் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கான்னு குழாயை உறிஞ்சிப் பாருங்க. நாக்கை வெச்சு அடைச்சா இழுவை குறையாம அப்படியே நிக்கணும். டேப்பெட் இடைவெளி 15 தவ். எந்த வால்வுக்கு வைக்கிறதுன்னு குழம்ப வேண்டாம், திறந்திருக்கிற வால்வு நம்பரையும் வைக்கிற வால்வு நம்பரையும் கூட்டினா ஒன்பது வரணும்: எட்டாவது வால்வு முழுசா திறந்திருக்கும்போது ஒண்ணாவது, ஆறாவது திறந்திருந்தா மூணாவது.

பதில் (திருவாரூர்):
இசுசு பத்தி. என்ஜின் மட்டும் வாங்கினா வேலை ஆகாது. அதோட அஞ்சு கியர் பாக்ஸ், மவுன்டிங், கிளட்ச் லிங்கேஜ், ரேடியேட்டர், ஸ்பீடோ கேபிள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டா எடுக்கணும். புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளத்தையும் அளந்து பார்க்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில ஏத்தணும். 15 வருஷம் தாண்டின வண்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை ரினீவலுக்குப் போகும்போது என்ஜின் நம்பர் ஒத்துப்போகலைன்னா அங்கேயே நிக்கும். அம்பாசிடர் உற்பத்தியே 2014-ல நின்னாச்சு, ஓடுற ஒரிஜினல் பிளாக்கை இரும்புக்கடைக்குப் போடாதீங்க.

கேட்டவர் (கும்பகோணம்):
டிரெயின் டேப் திறந்தேன், சொட்டுகூட வரலை. கம்பி விட்டா செங்கல் கலர்ல சேறு. பிரீதர்ல ஊதினா காத்து போகவே இல்லை. மூடியைத் திறந்தா புகை இருக்கு, கம்மிதான்.

பதில் (திருச்சி):
அப்ப ரெண்டுக்கும் வழி தெரிஞ்சிடுச்சு. பிரீதரை முதல்ல சரி பண்ணி 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு சொட்டைப் பாருங்க. நின்னுட்டா கியர்பாக்ஸை மட்டும் இறக்கி கிளட்ச் பிளேட் மாத்தினாப் போதும். சேத்துக்கு, பக்கவாட்டுல எட்டுற கோர் பிளக்கை (பிளாக்குல தண்ணி வழியை மூடியிருக்கிற தகட்டு மூடி) தட்டி எடுத்து, கம்பியால சுரண்டி, பம்புசெட் ஓஸை வெச்சு எதிர்த்திசையில பீச்சுங்க, தெளிவா வர்ற வரைக்கும். ரேடியேட்டர் ஓஸ் ரெண்டையும் கழட்டிட்டுதான் பீச்சணும், இல்லைன்னா சேறு பூரா அங்கே போய் உட்கார்ந்துக்கும். புது பிளக் பித்தளையில போடுங்க. நிரப்புறதுக்கு கூலன்ட்டும் பேட்டரி தண்ணியும் பாதிப்பாதி.