பதினாறு வயதுப் பிள்ளை தனியாக டாக்டரிடம் போகலாமா?

இரு பிள்ளைகளின் அப்பா:
அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 2024 ஜூலையில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவசர நிலை மாதிரி சில விலக்குகள் தவிர, 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிகிச்சை தரக்கூடாது. இதை ஏன் இவ்வளவு திட்டுகிறார்கள்? பல் பிடுங்கக் கையெழுத்துப் போடுவது நான். ராத்திரி முழித்திருப்பதும் நான்தான்.

வெள்ளைத் தொப்பி:
ராத்திரி முழித்திருக்கிற அப்பா இருந்தால் பிள்ளை தானாகவே வந்து சொல்லிவிடும் அண்ணா. மற்ற வீடுகளைப் பற்றித்தான் பேச்சு. நான் செவிலியர். ஒரு பெண், பதினைந்து பதினாறு இருக்கும். டாக்டர் எதைக் கேட்டாலும் அம்மாதான் பதில் சொன்னார். "நல்லாத் தூங்குறா, பரீட்சை பயம்தான்." அந்தப் பெண் டோக்கன் சீட்டைப் பொடிப்பொடியாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அம்மா பணம் கட்ட வெளியே போனதும், "மூணு வாரமா தூங்கலை"னு ஒரே வரிதான் சொன்னாள். கதவு திறந்தது, வாயை மூடிக்கொண்டாள்.

இரு பிள்ளைகளின் அப்பா:
ஒரு பெண்ணை வைத்து எல்லாருக்கும் சட்டம் போட முடியுமா? என் மகளுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. அது அவளுக்கு நினைவிருக்குமா என்பதே சந்தேகம்.

பிரிவு19:
இங்கிலாந்தில் இதே கேள்விக்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. கில்லிக் என்ற தாய் தொடுத்தது. விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் 16 வயதுக்குக் கீழே இருப்பவரும் சம்மதம் தரலாம் என்று 1985இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆனால் கருத்தடை ஆலோசனை என்றால், வீட்டில் சொல்லும்படி டாக்டர் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். பிலிப்பீன்ஸில் பெற்றோர் சம்மதமின்றி எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளும் வயதை 2018இல் 18இலிருந்து 15 ஆக்கினார்கள்.

இந்தியாவில் கதை வேறு. 2012 போக்சோ சட்டம் பாலுறவுக்கான சம்மத வயதை 16இலிருந்து 18 ஆக்கியது. அதன் பிரிவு 19இன்படி, அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தவர் யாரானாலும் புகார் செய்தாக வேண்டும், டாக்டரும்தான். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. பதினேழு வயதுப் பெண் கருக்கலைப்புக்கு வந்தால் போலீஸுக்குத் தகவல் போகும். அதற்குப் பயந்து குடும்பங்கள் போலி டாக்டரைத் தேடிப் போகின்றன. பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் புகாரில் பெயர், அடையாளம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 செப்டம்பரில். பத்து வருஷம்!

இரு பிள்ளைகளின் அப்பா:
அந்தப் பிரிவு இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே நடக்கிற கொடுமையை யார் வெளியே கொண்டுவருவார்? கெடுக்கிறவன் சொந்தக்காரனாக இருந்தால் ரகசியம் அவனுக்குத்தான் வசதி.

பிரிவு19:
சரியான கேள்வி. பிரிவையே எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கலாம் என்று இப்போது நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் ஐடஹோவில் அந்தப் பிள்ளை யாரிடம் கையெழுத்து வாங்கும்?

கடைசி பெஞ்ச்:
அரசியல்வாதிக்கு இதெல்லாம் எதற்கு? பெரும்பாலான நாடுகளில் பதினாறு வயசுக்கு ஓட்டு கிடையாது, அதுங்க அப்பா அம்மாவுக்கு உண்டு. கணக்கு முடிந்தது.

வெள்ளைத் தொப்பி:
கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை தம்பி. பெற்றோருக்கு இருக்கிற பயமும் நிஜம்தான். நான் கேட்பது சின்ன விஷயம். டாக்டர் பத்து நிமிஷம் பிள்ளையிடம் தனியாகப் பேசட்டும். அதற்கும் சட்டம் குறுக்கே நின்றால் எப்படி?

இரு பிள்ளைகளின் அப்பா:
பத்து நிமிஷத்துக்கு நான் வெளியே உட்காருவேன், அதில் ஒன்றுமில்லை. மருந்து எழுதுவது என்னைக் கேட்டுத்தான். அப்புறம், பெனிசிலினுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வெள்ளைத் தொப்பி:
ஒரு சீட்டில் எழுதி அவள் பையில் வையுங்கள் அண்ணா. உங்களோடு வந்தாலும் நாங்கள் அதை அவளிடம்தான் முதலில் கேட்போம்.

இரு பிள்ளைகளின் அப்பா:
எழுதி வைக்கிறேன். அதற்காக மனசு மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.