பன்றிக்குத் துவக்கா, நாயா, ஈட்டியா, தடமா? கண்ணால் கண்டவர்கள் சொல்லுங்கள்

முழங்காவில் காணிக்காரன்:

கொடிகாமத்தில் இருக்கிறேன். முழங்காவிலில் அப்பாவின் காணியில் இந்த வருடம் கச்சான் போட்டு, ஓரமாக மரவள்ளியும் நட்டேன். கச்சான் முற்றத் தொடங்கிய கிழமையே பன்றிகள் இறங்கிவிட்டன. தகரம் தட்டினோம், யானை வெடியும் போட்டோம். கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பவும் வந்து கிளறுகின்றன.

அயலில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். லைசென்ஸ் எடுத்துத் துவக்கு வாங்கு என்கிறார் ஒருவர். நல்ல நாய்கள் போதும் என்கிறார் மற்றவர். இன்னொருவர் மிருகத்தைச் சுருக்கிட்டுப் பிடிக்கிற கம்பித் தடம் தானே வைத்துத் தருவதாகவும் அதற்குச் செலவே இல்லை என்றும் சொல்கிறார். மிருகம் வரும் வழியில் கட்டிவைத்து, குறுக்கே கட்டிய கயிற்றில் இடறினால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்குப் பற்றிக் காதோடு சொன்னவரும் உண்டு. எனக்கு இதில் எதுவும் பழக்கமில்லை. வன்னிக் காட்டோடு புழங்கியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கேள்விப்பட்டதை விட்டுவிட்டு, கண்டதைச் சொல்லுங்கள்.

மாங்குளத்துப் பேரன்:

தம்பி, நான் சொல்வது எழுபதுகளின் கதை. என் அம்மப்பாவிடம் இருந்தது இடியன் துவக்கு. குழல்வாயால் மருந்தைப் போட்டு, தும்பை வைத்து இடித்து, பிறகு சன்னத்தைப் போட்டு, அதன்மேல் மறுபடியும் தும்பு வைத்து இடிக்கவேண்டும். இவ்வளவும் ஒரே ஒரு வெடிக்கு. அந்த வெடி தப்பினால் மிருகம் உங்களுக்காகக் காத்து நிற்காது. மழை ஈரம் பட்டால், மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு வெடிக்காமலும் போகும்.

அதனால் அம்மப்பா காத்திருக்கப் பழகியிருந்தார். வைகாசி, ஆனியில் குளங்கள் வற்றியபிறகு காட்டுக்குள் ஒன்றிரண்டு மோட்டைகளில்தான் தண்ணீர் நிற்கும். அந்த மோட்டையின் காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக, பாலை மரத்தில் பரண் கட்டுவார். சுருட்டுப் புகைக்க மாட்டார், என்னை இருமவும் விடமாட்டார். "பதினைந்து பாகத்துக்கு அங்கால நிண்டா அதைச் சுடக்கூடாது" என்பது அவருடைய சட்டம் (ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்). கண்ணும் காதும் தெளிவாகத் தெரிகிற தூரத்துக்கு மிருகம் வரவேண்டும்.

ஓர் இரவு முதலில் மரை ஒன்று கன்றோடு வந்து தண்ணீர் குடித்தது. அம்மப்பா துவக்கைத் தொடவே இல்லை. அது போய் வெகு நேரத்துக்குப் பிறகு தனியன் பன்றி வந்தது, நல்ல வளர்ந்த கிடாய். நெருப்போடு சேர்ந்து அப்படி ஒரு புகை எழும்பியது. அந்தப் புகைக்குள் பன்றி விழுந்ததா ஓடியதா என்று இருவருக்கும் தெரியவில்லை. பற்றைகள் முறியும் சத்தம் மட்டும் கேட்டது. இறங்குவோமா என்று கேட்டேன். என் தோளை அமர்த்திப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தார். காயப்பட்ட கிடாய் ஓடிய தடத்திலேயே திரும்பி நிற்கும், இருட்டில் இறங்கியவனின் தொடையைக் கிழிக்கும். விடிந்தபின் நாயோடு இரத்தம் பார்த்துப் போனோம். வீரைப் பற்றைக்குள் செத்துக் கிடந்தது.

பெரிய மாமாவிடம் லைசென்ஸ் உள்ள பன்னிரண்டு போர் துவக்கு இருந்தது. ஒரு றாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் அதில் ஒன்று நுழையும் அளவுக் குழல், அதனால்தான் அந்தக் கணக்கு. இரண்டு குழல் என்பதால் முதல் வெடி பிசகினாலும் அடுத்தது கையில் இருக்கும். எஸ்.ஜி. தோட்டாவில் பெரிய சன்னங்கள், வழக்கமாக 9. முப்பது மீற்றருக்குள் தோளுக்குப் பின்னால் பட்டால் பன்றி அதிக தூரம் போகாது. அதற்கு அங்காலே சன்னங்கள் விரிந்துவிடும், ஒன்றிரண்டுதான் படும். வளர்ந்த கிடாயின் தோள்புறத்தில் தோலுக்கடியில் தடித்த கேடயம்போல ஒரு படை இருக்கிறது, அரைகுறை வேகத்தில் வருகிற சன்னம் அதிலேயே நின்றுவிடும். மாமாவோடு வந்த சிநேகிதர்கள், தோட்டாதான் இருக்கிறதே என்று தூரத்தில் ஓடுகிற பன்றிக்கெல்லாம் வெடி வைத்தார்கள். காயத்தோடு போய்க் காட்டுக்குள் புழுத்துச் சாகும். சில நாள் கழித்து மணம்தான் இடத்தைக் காட்டும். அந்தக் கூட்டத்தோடு போவதை நான் விட்டுவிட்டேன்.

ஆனால் இடியனை யாரும் தேடவேண்டாம். தண்ணீர்க் குழாயில் செய்த குழல் வெடித்துக் கைவிரல்கள் போனவர் எங்கள் ஊரில் இருந்தார். காட்டு வேலை செய்து பிழைத்தவருக்கு அதற்குப்பிறகு கோடாரி பிடிக்க முடியவில்லை. சட்டமும் அதை விடாது.

எண்பதுகளில் இயக்கங்கள் வீடுவீடாக லைசென்ஸ் துவக்குகளை வாங்கிக்கொண்டு போனார்கள். மாமாவினதும் அப்படித்தான் போனது. எங்கள் பக்கத்தில் கம்பித் தடம் பெருகியது அதற்குப் பிறகுதான்.

மணற்காட்டான்:

குடாநாட்டுக்குள் பெருவேட்டை ஏது? எங்களுக்கு முயலும் கவுதாரியும்தான் அகப்பட்டன. சவுக்கங்காட்டு ஓரம் ரோச் லைற் அடித்தால் முயல் திகைத்து நிற்கும், பொல்லால் ஒரே அடி. பகலில் கெற்றப்போல். சைக்கிள் ரியூப்பில் கட்டினால் இழுவை போதாது, வைத்தியசாலையில் பாவிக்கிற மஞ்சள் ரப்பர்க் குழாய் கிடைத்தால்தான் கெற்றப்போல் என்று சொல்லலாம். பன்றிக்கு இதெல்லாம் உதவாது. அந்த வயதில் குறி பார்க்கக் கற்றுத்தந்தது இதுதான் என்பதால் எழுதினேன்.

ஒட்டுசுட்டான் மாப்பிள்ளை:

நான் நாய்க்காரன் பக்கம். ஊர் யாழ்ப்பாணம்தான், கலியாணம் செய்து ஒட்டுசுட்டானுக்குப் போனேன். மாமனார் வீட்டில் நாய்களுக்குத் தனிச் சோறு வடிப்பார்கள். இறைச்சி பங்கு போடும்போது நாய்களுக்கென்று ஒரு பங்கு விழும், அதில் யாரும் கை வைப்பதில்லை.

விடியப்புறம் வயலோரத்தில் சுவடு பார்த்து விடுவோம். மோப்பக்காரி ஒருத்தி முன்னுக்குப் போவாள். அவள் குரைக்கிற குரலிலேயே உடும்பா பன்றியா என்று மாமனாருக்குத் தெரியும். உடும்பு என்றால் உடனே கூப்பிட்டுவிடுவார், அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர். பன்றி கொஞ்சத் தூரம் ஓடிவிட்டுப் புற்றிலோ பெரிய வேரிலோ பின்பக்கத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பின்னால் நாய் போக முடியாது. முன்னால் வருகிற நாயை ஒரு தலை வீச்சில் கிழிக்கும். கீழ்க் கொம்பு மேற்கொம்பில் உரசி உரசித் தீட்டுப்படுவதால் அதன் விளிம்பு சவர அலகாக இருக்கும்.

அப்போது ஈட்டிக்காரன் போகவேண்டும். ஈட்டி ஆளுயரத்துக்கு மேலே இருக்கவேண்டும், தடி காய்ந்த காட்டுத்தடியாக இருக்கவேண்டும். நேர் முன்னால் போகக்கூடாது. பக்கவாட்டில், முன்னங்காலுக்குப் பின்னே பாய்ச்சிவிட்டுத் தடியை விடாமல் அமர்த்திப் பிடிக்கவேண்டும். குத்துப்பட்ட பன்றி தடியோடு சேர்த்து உங்களை நோக்கித்தான் தள்ளும். மாமனார் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பன்றியின் மூச்சுச் சூடு என் காலில் பட்ட தூரம். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிட்டது. அன்றைக்கு மோப்பக்காரியின் வயிறு கிழிந்திருந்தது. மாமனார் அவளை மடியில் கிடத்தி ஊசியும் நூலும் கொண்டு தைத்தார், மஞ்சள் அப்பினார். பிழைத்தாள், ஆனால் பிறகு அவளைக் காட்டுக்கு விடவில்லை.

1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரும் இப்படித்தான். யானைக்குப் பெரிய துவக்குகள் வைத்திருந்தவர், மலைக்காட்டு மரைக்கு நாய்களையும் கத்தியையும் மட்டுமே கொண்டு போனார். நாய் வேட்டையில் எது அகப்பட்டிருக்கிறது என்று அருகில் நின்று பார்க்கலாம். குட்டியோடு நின்ற பெட்டைப் பன்றியை விட்டு மாமனார் நாய்களை இழுத்துக்கொண்டு வந்ததுண்டு. துவக்கு வெடித்த பிறகு அப்படித் திருப்பி அழைக்க முடியாது. ஆனால் காணிக்காரன் அண்ணை, சொல்லவேண்டியதையும் சொல்லுகிறேன். பழகாத ஆள் ஈட்டியோடு போனால் சாவான். நாயும் சாகும்.

ஓய்வுபெற்ற தாதி:

வன்னியில் ஒரு வைத்தியசாலையில் பல வருடம் வேலை செய்தேன். கட்டுத்துவக்குப் பற்றி யாரோ காதோடு சொன்னதாக வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டுத்துவக்கைப் பன்றியின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டுவார்கள். அந்த உயரத்தில் மனிதனுக்கு இருப்பது கால். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே அல்லது கீழே, மிகக் கிட்டத்தில் இருந்து பாய்கிறது. எலும்பு ஓரிடத்தில் முறியாது, நொறுங்கும். காயத்துக்குள் இரும்புத் துண்டு, துணி, மண், இலை எல்லாம் இருக்கும். வந்தவர்கள் விறகுக்குப் போனவர்கள், தேன் எடுக்கப் போனவர்கள், மாடு தேடிப் போனவர்கள். வேட்டைக்குப் போனவர் அபூர்வம்.

மாடு சாய்க்கப் போன ஒரு பொடியனை உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்து தலையைத் தாங்கிப் பிடித்தவர் அவனுடைய சித்தப்பா. உடுப்பெல்லாம் இரத்தம். நான் காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது "நான் கட்டினது, மிஸ், நான்தான் கட்டினது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காலைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சித்தப்பா ஒவ்வொரு நாளும் விடுதிக்கு வருவார், கட்டிலுக்குக் கிட்டப் போகாமல் கதவடியில் நிற்பார்.

காட்டோரம் இருப்பவர்கள் இதையும் தெரிந்துவைத்திருங்கள். இப்படிக் காயம் பட்டால் சுத்தமான துணியை வைத்துப் பலமாக அழுத்துங்கள், காலை அசைக்காமல் தடி வைத்துக் கட்டுங்கள், உள்ளே இருப்பதைப் பிடுங்காதீர்கள். கோப்பித்தூள், எண்ணெய், சாம்பல் ஒன்றும் போடவேண்டாம். நேரே வைத்தியசாலைக்கு வாருங்கள். பொலிசுக்குப் பயந்து வீட்டில் வைத்திருந்து, காயம் அழுகிய பிறகு வந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

கிளிநொச்சி வாத்தி:

தாதி அக்கா சொன்னதோடு கம்பித் தடத்தையும் சேர்க்கிறேன். செலவில்லை என்பது உண்மை. வேலிக் கம்பியில் ஒரு சுருக்கு, அவ்வளவுதான். ஆனால் வைத்தவனுக்கே எங்கெங்கே வைத்தான் என்று மறந்துபோகும். எங்கள் குளத்தடியில் பசுமாடு ஒன்று காலில் கம்பியோடு நொண்டி வந்தது. கம்பி இறைச்சிக்குள் புதைந்து மேலே தோல் மூடியிருந்தது. பிள்ளைகள் பார்த்து அழுதார்கள்.

சுருக்கு ஆள் பார்க்காது. 2020 மே மாதத்தில் மலைநாட்டில் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை தடத்தில் அகப்பட்டது. உயிரோடு மீட்டும் சில நாளில் செத்துப்போனது. இலங்கைச் சிறுத்தைகளைக் கொல்வதில் இந்தக் கம்பிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சிறுத்தை என்றதும் எனக்கு 2018 ஜூன் மாதம் எங்கள் அம்பாள்குளத்தில் நடந்ததும் வருகிறது. ஊருக்குள் வந்து ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தையைப் பொல்லுகளால் அடித்துக் கொன்று, கைத்தொலைபேசியில் படமும் பிடித்தார்கள். பயத்தில் அடித்ததை விளங்கிக்கொள்ளலாம். செத்த பிறகு படம் எடுத்ததை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை.

இரைக்குள் வெடி வைப்பதையும் வேலியில் வீட்டு மின்சாரம் பாய்ச்சுவதையும் பற்றி யாராவது சொன்னால் அந்த ஆளை வளவுக்குள்ளேயே எடுக்காதீர்கள். வெடியைக் கடித்த யானை வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். மின்சாரக் கம்பியில் சொந்த வீட்டுக்காரரே செத்த சம்பவங்கள் நாட்டில் நிறைய.

முழங்காவில் காணிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. தடம் வைத்துத் தருகிறேன் என்றவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாதி அக்கா எழுதியதை வீட்டிலும் வாசித்துக் காட்டினேன். காற்றுத் துவக்கு, எயார் ரைபிள் என்கிறார்களே, அது பன்றிக்குச் சரிவருமா?

மாங்குளத்துப் பேரன்:

வராது. வழக்கமான எயார் ரைபிளின் சன்னம் 4.5 மில்லிமீற்றர். குரங்கைத் துரத்தலாம், அவ்வளவுதான். பன்றிக்குத் தோலில் ஒரு புண் வரும், அது சீழ் பிடித்துக் காட்டுக்குள் அலையும். அதைச் செய்யாதீர்கள்.

துவக்கு வேண்டுமென்றால் விவசாயத் தேவைக்கென்று மாவட்டச் செயலகம் ஊடாக விண்ணப்பிக்கலாம், கிராம அலுவலரிடம் முதலில் கதையுங்கள். கிடைத்தாலும் ஒவ்வொரு வருடமும் லைசென்ஸைப் புதுப்பிக்கவேண்டும். மானுக்கும் மரைக்கும் அதை நீட்டக்கூடாது, 1937ஆம் ஆண்டு விலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டம் இன்றைக்கும் திருத்தங்களோடு இருக்கிறது. லைசென்ஸ் வரும்வரை உங்கள் கச்சான் காத்திருக்காது என்பதும் தெரியும்.

ஒட்டுசுட்டான் மாப்பிள்ளை:

அண்ணை, நீங்கள் கொடிகாமத்துக்காரர், விளிம்பில் பல்லுள்ள பனங் கருக்குமட்டையை மறந்துவிட்டீர்களே. நாங்கள் மாமனாரின் கச்சான் காணியைச் சுற்றி, பன்றி வருகிற இரண்டு பக்கத்துக்கும் கருக்குமட்டையை இடைவெளி விடாமல் நெருக்கி, அடி ஒரு முழம் மண்ணுக்குள் போக நட்டோம். பன்றி மூக்கால் கிண்டித்தான் வழி எடுக்கும். ஆழமாக நட்ட மட்டையைக் கிண்டி எடுக்க அதற்குக் கஷ்டம், கருக்கு மூக்கைக் கிழிக்கும். பூராவும் நிற்கவில்லை, ஒரு மூலையால் ஒருமுறை புகுந்தது. மற்றபடி அந்தப் போகம் தப்பியது. காவற்கொட்டிலில் ஒரு நாயைக் கட்டிவைத்தால் பன்றி வரும்போது உங்களை எழுப்பிவிடும், அதற்கு மேல் அதை வேட்டைக்கு விடத் தேவையில்லை.

மட்டை பளைப் பக்கம் எடுக்கலாம். லாண்ட்மாஸ்டரில் ஏற்றி இறக்கித் தருகிற ஒருவரை எனக்குத் தெரியும். காணியின் சுற்றளவை அளந்து தனிச் செய்தியில் அனுப்புங்கள், எத்தனை மட்டை வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லுகிறேன்.