ஃபோ சூப் வீட்டிலேயே சுலபமாகச் செய்ய வழி உண்டா?

கோத்தகிரிக்காரி:
போன வாரம் விடாத மழை. லீவுக்கு வந்திருக்கும் மகள், சென்னையில் சாப்பிட்ட வியட்நாம் ஃபோ வேண்டும் என்றாள். கோழி எலும்பைத் திறந்த பாத்திரத்தில் நாலு மணி நேரம் தளதளவென்று கொதிக்க விட்டேன். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவைப் பொடித்துப் போட்டேன். சாறு கலங்கிப் போய் பிரியாணி மசாலா வாசனை அடித்தது. நூடுல்ஸையும் அதிலேயே போட்டதால் கூழாகிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் பாதி குடித்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். அதற்குள் ஒருமுறை சரியாகச் செய்து கொடுக்க வேண்டும். மீன் சாஸ் இங்கே கிடைக்கவில்லை.

ஊட்டி அடுப்படி:
தங்கச்சி, குக்கரை எடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோத்தகிரி கொஞ்சம் தாழ்வு, இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. திறந்த பாத்திரத்தில் பருப்பே வேகாத ஊரில் எலும்பு எப்படிச் சாறு விடும்?

ஹனோயில் மாட்டெலும்பை மணிக்கணக்கில் அடுப்பில் விடுவார்கள். அங்கேயே கோழியில் வைப்பதும் உண்டு, ஃபோ கா என்பார்கள். வீட்டுக்கு அதுதான் சுலபம். ஒரு கிலோ கோழியில் மார்புக்கறியைத் தனியே வைத்துவிட்டு, எலும்பு, கழுத்து, கால் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எலும்பைக் கழுவுங்கள். கலங்கலில் பாதி அந்த நுரையோடு போய்விடும்.

அப்புறம் வெங்காயம். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பெரிய வெங்காயம் ஒன்றைத் தோலோடு இரண்டாக நறுக்கி, விரல் நீள இஞ்சியோடு நேரடியாகத் தீயில் காட்டுங்கள். தோல் கருகி, வெட்டின ஓரத்தில் சாறு குமிழியிட்டுச் சொட்டும். காரல் வாசனை போய் இனிப்பு வாசனை வரும், அப்போது இறக்கிக் கரியைச் சுரண்டிவிடுங்கள். ஃபோவின் வாசனை பாதி இங்கேதான் இருக்கிறது.

அன்னாசிப்பூ 2, கிராம்பு 3, ஒரு துண்டு பட்டை, ஒரு ஸ்பூன் மல்லி. வெறும் சட்டியில் வறுத்து, முழுசாகவே துணியில் முடிந்து போடுங்கள். பொடித்தால் மசாலாதான். கூடவே சின்னத் துண்டு கற்கண்டு, உப்பு, இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு விசில் வந்ததும் சிம்மில் 30 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும், விசிலைத் தூக்கினால் உள்ளே குபுகுபுவென்று கொதித்துக் கொழுப்பு சாறில் கலந்துவிடும். வடிகட்டி, அந்தச் சாற்றிலேயே மார்புக்கறியை மெல்லிய தீயில் கால் மணி நேரம் வேகவிட்டுப் பிய்த்து வையுங்கள்.

மீன் சாஸ் என்பது நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்ததுதான். நான் தலை கிள்ளிய நெத்திலிக் கருவாடு ஐந்தாறை வறுத்து அந்தத் துணி முடிச்சிலேயே சேர்த்துவிடுவேன். அதே ருசி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஆழம் வந்துவிடும். கருவாடு போட்டால் உப்பைக் கடைசியில் பாருங்கள்.

கொடைக்கானல் தம்பி:
அக்கா சொன்னதோடு ஒன்று. தட்டை அரிசி நூடுல்ஸை அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிநீரில் பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுங்கள். கிண்ணத்தில் போட்ட பிறகுதான் சாறு. நம் குளிருக்குக் கிண்ணத்திலும் முதலில் வெந்நீர் ஊற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மேசைக்கு வருவதற்குள் ஆறிவிடும். அவர்கள் போடும் துளசிக்குப் பதில் திருநீற்றுப்பச்சிலை போடலாம், இரண்டும் ஒரே இனம். அப்புறம் முளைகட்டிய பாசிப்பயறு, பச்சை மிளகாய், எலுமிச்சை.

கோத்தகிரிக்காரி:
சனிக்கிழமை ராத்திரி செய்தேன். சாறு தேநீர் நிறத்தில் தெளிவாக வந்தது, கிண்ணத்தின் அடி தெரிந்தது. திருநீற்றுப்பச்சிலை பக்கத்து வீட்டுத் தொட்டியில் இருந்தது. மகள் இரண்டாவது கிண்ணம் கேட்டாள். மீதிச் சாற்றை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். அக்கா, மாட்டெலும்பு என்றால் குக்கரில் எவ்வளவு நேரம்?

ஊட்டி அடுப்படி:
ஒன்றரை மணி நேரம் வையுங்கள். கூட ஒரு மஜ்ஜை எலும்பு போடுங்கள்.