புதுப்பிப்பு: பூட்டிய எக்ஸ்ரேயில் கை தெரிந்த விவகாரம்

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: கிண்டியிலிருந்து தாம்பரம் கிளைக்கு அனுப்பும் எக்ஸ்ரே படத்தை ஏஇஎஸ் (AES) என்ற முறையில் குறியாக்கம் செய்த பிறகும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய பிறகும், கையின் வடிவம் அப்படியே தெரிகிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது.

தப்பு ஏஇஎஸ் மேல் இல்லை, என் மேல்தான். அதை இசிபி (ECB) முறையில், அதாவது ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பூட்டும் முறையில், ஓட்டியிருக்கிறேன். ஏஇஎஸ் தரவை 16 பைட் துண்டுகளாக வெட்டிப் பூட்டும். இசிபியில் ஒரே சாவிக்கு, ஒரே மாதிரித் துண்டு எப்போதும் ஒரே விடையைத்தான் தரும். எக்ஸ்ரேயில் கையைச் சுற்றி முழுக்கக் கருப்பு. 8 பிட் படத்தில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட், அதனால் அடுத்தடுத்த 16 கரும்புள்ளிகள் சேர்ந்தால் ஒரு துண்டு. அவை எல்லாம் ஒரே எண்களாக மாறி, நடுவில் இருந்த கையைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

இப்போது இசிபிக்குப் பதில் ஜிசிஎம் (GCM) என்ற முறையில் ஏஇஎஸ்ஸை ஓட்டுகிறேன். வழியில் ஒரு பிட் மாறினாலும் திறக்கும்போது அது தெரிந்துவிடும். ஆனால் ஒரே சாவியோடு ஒரே நான்ஸை (பூட்டும்போது சாவியோடு சேர்த்துக் கொடுக்கும், ஒரு முறை மட்டும் பயன்படுத்த வேண்டிய எண்) இரண்டாவது முறை பயன்படுத்தினால் பாதுகாப்பின் கதை முடிந்தது. அதனால் படத்துக்குப் படம் புது நான்ஸ்.

குறியாக்கமே வேண்டாம், படத்தின் புள்ளிகளை இடம் மாற்றிக் கலைத்தால் போதும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். போதாது சார், எத்தனை கருப்பு, எத்தனை வெள்ளை என்ற கணக்கு மாறாமல் அப்படியே இருக்கும்.

அப்புறம், பூட்டிய பிறகு கோப்பின் அளவைச் சுருக்கப் பார்த்தேன், அளவு குறையவே இல்லை. முதலில் சுருக்கிவிட்டுத்தான் பூட்ட வேண்டுமாம். நேற்று தாம்பரத்தில் எல்லாப் படமும் ஒழுங்காகத் திறந்தது.