ஆடிக் காத்துல மின்சார மினி லாரி: சார்ஜ் மீட்டர் 30ல இருந்து 12க்குக் குதிக்குது, பேட்டரி போச்சுங்களா?

வேலந்தாவளம் லோடு:
வணக்கம்ங்க. ஒரு டன் மின்சார வண்டி, 20 யூனிட் சொச்சம் பேட்டரி. விடியக்காலம் வேலந்தாவளம் மண்டியில தக்காளி, கத்திரி ஏத்தி, கொழிஞ்சாம்பாறை, எலப்புள்ளி வழியா பாலக்காடு. திரும்பறப்ப காலி. மாசியில இந்தத் தொல்லை இல்ல. இப்ப போறப்ப சார்ஜ் கரகரன்னு எறங்குது, வர்றப்ப நிக்குது. நேத்து நாட்டுக்கல் கிட்ட 30 காட்டிட்டிருந்த மீட்டர் சடார்னு 12ன்னுச்சு. மீட்டர்ல சார்ஜ் கம்மிங்கற ஆமை படம் வந்து வண்டி இழுக்கவே இல்ல. ஷோரூம்ல கேட்டா "சாஃப்ட்வேர் போட்டாச்சு"ங்கறாங்க.

பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப்:
நிறுத்துன உடனே நாலு வீல் கிட்டயும் கைய வெச்சுப் பாருங்க. ஒண்ணு மட்டும் சுட்டா பிரேக் பிடிச்சிருக்கு. டயர்ல காத்து? எத்தனை வரைக்கும் சார்ஜ் போடறீங்க?

வேலந்தாவளம் லோடு:
பிரேக் சரியா இருக்குங்ணா. பின் டயர்ல கம்மியா இருந்துச்சு, அடிச்சாச்சு. சார்ஜ் 80 வரைக்கும்தான். போனுக்கு அப்படித்தானே சொல்றாங்க?

கஞ்சிக்கோடு கரண்ட்:
அங்கதான் விஷயம் தம்பி. உங்களது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியான்னு மேனுவல்ல பாருங்க. அதுல பாதி இருந்தாலும் முக்கால் இருந்தாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால எவ்வளவு கரண்ட் போச்சு, வந்துச்சுன்னு மீட்டர் கணக்குப் போட்டுத்தான் காட்டும். முழுசா ஏறுனாத்தான் கணக்கு நேராகும். 80லயே கழட்டிட்டே இருந்தா தப்பு சேர்ந்துக்கிட்டே போகும். ராத்திரி 100 ஏத்தி, அதுவா கட் ஆகற வரைக்கும் விடுங்க. வாரம் ஒருக்கா போதும்.

வேகமா எறங்கறது வேற கதை. ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேக்க இருந்து அடிக்கும், நீங்க அதுக்கு எதுக்க லோடோட போறீங்க. 50ல போறப்ப எதிர்காத்து 25 இருந்தா, வண்டிக்கு அது 75. காத்துத் தடை ரெண்டேகால் மடங்கு. 40ல போனா அந்தத் தடையில கால்வாசி கொறையும்.

கோபாலபுரம் வாடகை:
குறுக்க கேக்கறேன், தமிழ்நாட்டு வண்டின்னா கேரளாவுக்குப் பர்மிட் எப்படிங்க?

வேலந்தாவளம் லோடு:
பச்சை போர்டு, மஞ்ச எழுத்துங்க. மின்சார வாடகை வண்டிக்குப் பர்மிட் வேண்டாம்னு 2018லயே மத்திய அரசு அறிவிச்சாச்சு. இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் எப்பவும் போல வேணும்.

பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப்:
தார்ப்பாய் படபடன்னு அடிக்குதா? இழுத்துக் கட்டுங்க. கேபினுக்கு மேல நிக்கற டிரே வரிசையையும் எறக்கிருங்க. ஆத்திர அவசரத்துக்கு கே.எஸ்.இ.பி. (கேரளா மின்வாரியம்) கம்பத்து சார்ஜர நம்பாதீங்க, அது ஆட்டோவுக்கும் டூவீலருக்கும் வெச்சது. ஒரு மணி நேரம் நின்னாலும் 3 யூனிட்தான் ஏறும்.

வேலந்தாவளம் லோடு:
மேனுவல்ல அதே பேட்டரிதாங்க. 100 ஏத்துனதுல குதிக்கறது நின்னுருச்சு. 40லதான் போறேன், மேல் வரிசை டிரேவும் எறக்கியாச்சு. சார்ஜ் முன்னைக்கு நிக்குது, ஆனா லோடு கொறையுதுன்னு மண்டிக்காரர் வாடகையில புடிக்கப் பாக்கறாரு. அவருகிட்ட ஆடி முடியட்டும்னு சொல்லிருக்கேன்.