பொருள்: குடல் நுண்ணங்கிச் சீர்கேடு – வேறு சொல் உண்டா? (அவசரம்)

நுவரெலியா, மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய நோயாளர் கையேடு இது. குரோன் நோய், புண்ணுடன் கூடிய பெருங்குடல் அழற்சி என்ற நீடித்த குடல் அழற்சி நோய்கள் இரண்டையும் பற்றியது. 'டிஸ்பயோசிஸ்' வருகிற இடத்தில் நின்றுவிட்டேன். விஷயம் இதுதான்: இந்த நோயாளர்களின் குடலில் பற்றீரியா வகைகள் குறைகின்றன. பியூட்டிரேற்று என்ற கொழுப்பமிலத்தைத் தந்து குடற்சுவரைப் பேணுகிற சில இனங்கள் அருகுகின்றன. சுவரில் ஒட்டி உட்புகும் ஒருவகை ஈ. கோலை பற்றீரியா, குறிப்பாகக் குரோன் நோயில், கூடுகிறது. இது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது இன்னும் தீரவில்லை. ஆகவே சொல் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. 'நுண்ணங்கிச் சீர்கேடு' போதுமா?

ஹட்டன், தமிழாசிரியர்:
போதாது. சீர்கேடு என்றால் ஒழுக்கக்கேடு மாதிரி ஒலிக்கிறது, நோயாளி என்ன தப்புச் செய்தார்? ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் கலப்பதைச் சொல்லும் 'திணைமயக்கம்' நம் இலக்கணத்திலேயே இருக்கிறதே! குடல் ஒரு நிலம். அதன் கருப்பொருள் அருகி வேற்று நிலத்துக் கருப்பொருள் வந்து குடியேறினால் மயக்கம்தானே? 'திண்' என்ற வேரிலிருந்து திணை, திண்ணை, திண்மை எல்லாம் வரும் என்பார்கள். குடற்சுவரின் திண்மை தளர்வதையும் சொல்லுக்குள் அடக்கிவிடலாம். புணர்த்தினால் குடற்றிணைமயக்கம்.

கண்டி, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
"திணைமயக்குறுதலும் கடிநிலை இலவே" என்றவர் தொல்காப்பியர். மயங்கினால் குற்றமில்லை என்கிறவரைக் கூட்டிவந்து நோய்க்குப் பெயர் வைக்கச் சொல்வதா? வள்ளுவரிடம் போங்கள்: "மிகினும் குறையினும் நோய்செய்யும்". சிலது மிகுந்து சிலது குறைகிறது. 'மிகுகுறை' எனலாம்.

ஹட்டன்:
மிகுகுறை வினைத்தொகை. 'மிகுந்த குறை' என்றுதான் பிள்ளைகள் பிரிப்பார்கள். உம்மைத்தொகை வேண்டுமானால் மிகைகுறை. அது கணக்குப் புத்தகம்.

பதுளை, தாதி:
மாஸ்டர் கோபிக்க வேண்டாம், எனக்கு இலக்கணம் தெரியாது. எங்கள் கிளினிக்குக்குத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குப் பற்றீரியாவும் நுண்ணங்கியும் ஒன்றுதான்: கிருமி. வயிற்றில் கிருமி குறைந்துவிட்டது என்று சொன்னால் "நல்லதுதானே மிஸ்" என்பார்கள். கூடிவிட்டது என்றால் கடையில் அன்டிபயோட்டிக் கேட்பார்கள். இரத்தமும் சளியுமாக வெளிக்குப் போகிறவர் அப்படிக் கண்டபடி மாத்திரை போட்டால் மிச்சமிருக்கிற நல்லதும் போய்விடும். இன்னொரு ரகமும் உண்டு: 'நல்ல கிருமி' என்று காதில் விழுந்தவுடன் குடல் அழற்சி மருந்தான மெசலசீனை நிறுத்திவிட்டுத் தயிரை நம்புகிறவர்கள். சொல் எதுவானாலும், பக்கத்தில் 'நன்மை செய்யும் பற்றீரியா குறைதல், மருந்தை நிறுத்த வேண்டாம்' என்று போடுங்கள்.

நுவரெலியா:
அப்படியே போடுகிறேன். அப்புறம், ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள நுண்ணங்கிகளை நோயாளியின் குடலுக்குள் செலுத்துவது பற்றியும் ஒரு பந்தி உண்டு. 1958இலேயே அமெரிக்காவில் ஐஸ்மன் குழுவினர் வேறொரு பெருங்குடல் அழற்சிக்குச் செய்தது. திரும்பத் திரும்ப வரும் குளொஸ்ரிடியம் டிஃபிசீல் என்ற பற்றீரியாவின் குடல் தொற்றுக்கு நன்றாகவே பலித்திருக்கிறது. நம் நோய்க்கு இன்னும் ஆய்வுநிலைதான். 'மலமாற்று' எனலாமா?

ஹட்டன்:
ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களில் எதை மாற்றுகிறார்கள்?

கண்டி:
ஆணவத்தை மாற்றமுடிந்தால் இந்தக் குழுவிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

நுவரெலியா:
சரி, 'நுண்ணங்கி மாற்றீடு' என்று எழுதிவிடுகிறேன். முதலில் கேட்ட டிஸ்பயோசிஸுக்கு 'நுண்ணங்கிச் சமநிலைக் குலைவு' என்று தனிமடலில் நால்வர் சொல்லியிருக்கிறார்கள். நீளம்தான், ஆனால் புரிகிறது.

பண்டாரவளை, விஞ்ஞான ஆசிரியர்:
நான் ஐந்தாவது ஆள் இல்லை. குலைவதற்கு முதலில் ஒரு சமநிலை வேண்டுமே? ஆரோக்கியமான இருவரின் குடலிலேயே ஒரே கூட்டம் இருப்பதில்லை. இதுதான் சரியான அளவு என்று யாரும் வரையறுக்கவுமில்லை. 'மாற்றம்' என்று மட்டும் போட்டால் குறைந்தபட்சம் பொய் இல்லை.

பதுளை:
மாற்றம் என்றால் இடமாற்றமா என்று கேட்பார்கள் சேர்.

நுவரெலியா:
அச்சகம் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டது. குலைவு போகிறது.

ஹட்டன்:
போகட்டும். குடற்றிணைமயக்கத்தை அடுத்த பதிப்புக்குக் குறித்துவையுங்கள்.