ஜிம்மி கார்ட்டர், ரோசலின்: மூவரின் நினைவுகள்

அட்லாண்டாவிலிருந்து ஒருவர்:

ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29 அன்று நூறு வயது நிறைந்தவராகக் காலமானபோது, செய்திகள் எல்லாம் அவரை அமெரிக்காவின் 39-ஆவது குடியரசுத் தலைவர் என்றே குறிப்பிட்டன. ஒருமுறை மட்டும் அவரை அருகிலிருந்து பார்த்த எனக்கோ, அவர் ரோசலின் அம்மையாரின் கணவராகவே முதலில் நினைவுக்கு வருகிறார்.

ஆயிரம் பேர்கூட இல்லாத, அவருடைய சொந்த ஊரான பிளெயின்ஸ் என்ற சிற்றூரில், மரநாத்தா பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அவர் 2019 வரை ஞாயிறு பள்ளி வகுப்பு நடத்திவந்தார். புற்றுநோய் மூளை வரை பரவியிருப்பதாக 2015-இல் அவரே அறிவித்த பிறகு, அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று வருவோரின் கூட்டம் மிகவும் பெருகிவிட்டது. நாங்களும் அக்காலத்தில்தான் குடும்பத்தோடு சென்றோம். விடிவதற்கு முன்பே வாகனங்கள் வரிசையில் நின்றன. சிலர் இரவு முழுவதும் காரிலேயே உறங்கியிருந்தார்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே அமர்ந்ததும், கைகுலுக்கவோ பேச்சுக் கொடுக்கவோ கூடாது என்று சபையைச் சேர்ந்த ஓர் அம்மையார் கண்டிப்போடு எடுத்துச் சொன்னார். பிறகு கார்ட்டர் வந்து, எங்கிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். அவருடைய தாயார் லில்லியன், அறுபத்தெட்டாவது வயதில் ‘பீஸ் கோர்’ என்ற அமெரிக்க அரசுத் தன்னார்வ அமைப்பின் தொண்டராக இந்தியாவுக்கு வந்து, மும்பையை அடுத்த விக்ரோலியில் செவிலியராகப் பணியாற்றியவர் என்பதை அறிந்திருந்ததால், அவரை அயலாராக என்னால் நினைக்க முடியவில்லை.

வழிபாடு முடிந்ததும் கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்துகொள்ள, ஒவ்வொரு குடும்பமும் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. எங்களுக்குக் கிடைத்தவை சில நொடிகள்தான். ஆனால் நூற்றுக்கணக்கானோர் கடந்து செல்லும்வரை தொண்ணூறு வயதைக் கடந்த கணவரும் அதை நெருங்கிக்கொண்டிருந்த மனைவியும் அங்கேயே பொறுமையோடு அமர்ந்திருந்ததை நான் வெளியேறும் வழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காணிக்கைத் தட்டுகளைக்கூட கார்ட்டரே மரத்தில் கடைந்து கொடுத்திருந்த தேவாலயம் அது.

அவர்களுடைய அறிமுகம் ரோசலின் பிறந்த 1927-இலேயே தொடங்கிவிட்டது. அந்தப் பிரசவத்துக்கு உதவிய லில்லியன், மூன்று வயதைக்கூட எட்டாத தம் மகனை அழைத்துச் சென்று அக்குழந்தையைக் காட்டினார். பின்னாளில் கார்ட்டர் முதன்முறை திருமணத்துக்குக் கேட்டபோது, கல்லூரிப் படிப்பை முடிப்பேன் என்று இறக்கும் தறுவாயில் இருந்த தந்தைக்குக் கொடுத்த வாக்கைச் சொல்லி ரோசலின் மறுத்துவிட்டார். கார்ட்டர் காத்திருந்தார். 1946 ஜூலை 7 அன்று நடந்த அத்திருமணம் 77 ஆண்டுகள் நிலைத்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களில் வேறு எவருக்கும் இவ்வளவு நீண்ட இல்லறம் அமையவில்லை.

புணேயிலிருந்து ஒருவர்:

2006-ஆம் ஆண்டு லோனாவலா அருகே ஏழைக் குடும்பங்களுக்கு நூறு வீடுகள் கட்டும் பணிக்குத் தன்னார்வலராகச் சென்றிருந்தேன். ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் ஹேபிடேட் தொண்டு அமைப்போடு கார்ட்டரும் ரோசலினும் 1984 முதல் ஆண்டுதோறும் ஒரு வாரம் செய்துவந்த பணி அது. கார்ட்டருக்கு அப்போது 82 வயது, ரோசலினுக்கு 79. வேலை நேரத்தில் படம் எடுக்க நெருங்குவோரைக் கார்ட்டர் ஊக்குவிக்கவில்லை. வெயிலில் இருவரும் ஒரே வீட்டின் வேலையில் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மனைவியைப் பார்வையாளராக நாற்காலியில் அமர்த்திவிட்டுக் கணவர் மட்டும் உழைப்பதுபோல் காட்டிக்கொள்ளும் விழாக்களையே அதுவரை பார்த்துப் பழகியவள் நான்.

விசாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் (கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):

நான் அவரைச் சந்தித்ததில்லை. ஆயினும் நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றியவன் என்ற முறையில், பலரும் கடந்துபோகும் ஒரு பகுதியைச் சொல்ல விரும்புகிறேன்.

கார்ட்டர் அனாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்தில் 1946-இல் பட்டம் பெற்று, நீர்மூழ்கிப் பிரிவில் சேர்ந்து, கடற்படை அதிகாரி ரிக்கோவரின் தலைமையிலான அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலை சேதமடைந்தபோது, அதன் பாகங்களைக் கழற்றும் பணிக்கு அவருடைய குழு அனுப்பப்பட்டது. கதிர்வீச்சு மிகுந்திருந்ததால் ஒருவர் உள்ளே ஏறத்தாழ ஒன்றரை நிமிடமே இருக்கலாம். ஆகவே ஒத்த மாதிரி அமைப்பு ஒன்றில் ஒவ்வொரு திருகையும் கழற்றிப் பழகிவிட்டு உள்ளே இறங்கினார்கள். இருபத்தெட்டு வயது இளைஞருக்கு இது சிறிய சோதனையன்று.

அடுத்த ஆண்டு அவருடைய தந்தை புற்றுநோயால் இறந்தார். கடற்படையை விட்டு ஊருக்குத் திரும்பி நிலக்கடலைத் தொழிலை ஏற்க அவர் முடிவெடுத்தார். மனைவியிடம் கருத்துக் கேட்கவில்லை. பிளெயின்ஸை விட்டு வெளியேறி உலகம் காணத் தொடங்கியிருந்த ரோசலினுக்கு அது பெரும் இடி. ஊர் திரும்பும் வழியெல்லாம் அவர் கணவரோடு பேச மறுத்தார். 1962-இல் மாநில மேலவைத் தேர்தலில் நிற்கப் போவதையும் கார்ட்டர் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. இப்படித் தனியாக முடிவெடுத்ததைப் பிற்காலத்தில் அவராலேயே நியாயப்படுத்த முடியவில்லை. தொழிலின் கணக்குகளைக் கையில் எடுத்துக்கொண்ட ரோசலின் விரைவில் அவரைவிடத் தொழிலை நன்கறிந்தவரானார். வெள்ளை மாளிகையிலோ அமைச்சரவைக் கூட்டங்களிலேயே அமர்ந்து குறிப்பெடுத்தார். அன்புள்ள கணவர் என்று அவரைப் புகழ்வோர் இந்த மாற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மனைவியின் சொல்லுக்கு உரிய இடத்தை அவர் பிறப்பிலேயே அறிந்திருக்கவில்லை, வாழ்ந்து கற்றுக்கொண்டார்.

ரோசலின் 2023 நவம்பர் 19 அன்று 96-ஆவது வயதில் மறைந்தார். அப்போது கார்ட்டர் ஒன்பது மாதங்களாக இறுதிக்காலப் பராமரிப்பில் இருந்தார். இருந்தும் அட்லாண்டாவில் நடந்த அஞ்சலிக்கு அவரைச் சாய்வு நாற்காலியில் கொண்டுவந்தார்கள். அவர்மேல் போர்த்தியிருந்த துணியில் மனைவியின் முகமும் இருந்தது. கடற்படையில் இருந்த நாள்களில் அவர் எழுதிய கடிதம் ஒன்றை மகள் ஏமி அங்கே வாசித்தார். பிரிந்திருக்கும்போது, நீ நான் நினைப்பது போல் அவ்வளவு அழகும் இனிமையும் உடையவளாக இருக்க முடியாது என்று என் மனத்துக்குச் சொல்லிக்கொள்கிறேன். திரும்பி வந்து பார்த்ததும் மறுபடியும் உன்மேல் காதல் கொள்கிறேன் என்பது அதன் சாரம். மாதக்கணக்கில் கடலில் கழித்தவர்களுக்கு அந்த வரிகள் எவ்வளவு உண்மை என்று தெரியும். நானும் என் மனைவியும் அந்நிகழ்வை நேரலையில் பார்த்தோம். இருவருக்குமே கண் கலங்கியது.

2025 ஜனவரியில் வாஷிங்டனில் கடற்படை நினைவிடத்தின் முன்புதான் கார்ட்டரின் பேழை குதிரை வண்டிக்கு மாற்றப்பட்டது. பின்னர் பிளெயின்ஸில், தம் வீட்டு வளாகத்திலேயே, மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். நீர்மூழ்கிப் பணியில் தகுதி பெற்ற ஒரே குடியரசுத் தலைவர் என்பதால் அமெரிக்கக் கடற்படை தன் சீவுல்ஃப் வகை நீர்மூழ்கிகளில் மூன்றாவதற்கு அவர் பெயரை இட்டிருக்கிறது. 2004-இல் அக்கப்பலுக்குப் பெயர் சூட்டி வைத்தவர் ரோசலின். அடுத்த ஆண்டு அது பணியில் சேர்க்கப்பட்டது.